ரஞ்சிதா தொட்ட ஒரு சிட்டிகை மணல்

போர்வெல் போடக் கிளம்பிய வண்டியைப் பாதியில் திருப்பிக்கொண்டு வந்து தலைமை நாற்காலியை நிறைத்திருக்கும் ரிக் உரிமையாளர் சங்கத் தலைவர், அண்ணன் செல்லமுத்து அவர்களே! முதுமை வந்தும் முறுக்குக் குறையாத முன்வரிசைப் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! மாலைகளுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டிருக்கும் எங்கள் வெற்றி வீராங்கனை ரஞ்சிதா அம்மிணி அவர்களே! அவரைப் பெற்ற ஆத்தாயி அக்கா அவர்களே, அர்த்தநாரி அண்ணன் அவர்களே! வெல்டிங் பட்டறை குணசீலனின் வணக்கம், இந்தத் திருச்செங்கோட்டு மண்ணில் நிற்கும் உங்கள் அத்தனை பேருக்கும் உரியதாகட்டும்!

கோல்ஃப்! அது எங்கே ஆடப்படுகிறது? பச்சைப் பட்டு விரித்த புல்வெளியில்! நம் பக்கம் புல்வெளி எங்கே இருக்கிறது? இங்கே ஆட்டுக்கே எட்டாத புல், ஆட்டத்துக்கு எப்படி எட்டும்? அந்த மண்ணிலிருந்து ஒரு பெண் கிளம்பினாள். தொழில்முறை ஆட்டக்காரியாக நின்றாள். போன மாதம் தன் முதல் பட்டத்தை வென்றாள். எப்படி வென்றாள்?

பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு பெங்களூருப் பக்கம் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் கருகியது. இந்தியாவின் எந்த மூலையில் தொண்டை வறண்டாலும் யாரைக் கூப்பிடுவார்கள்? ஆ, கைதட்டல் வருகிறது பாருங்கள்! நம்மைத்தான் கூப்பிடுவார்கள்! அர்த்தநாரி அண்ணனின் ரிக் வண்டி புறப்பட்டது. முழுப்பரீட்சை லீவு. பத்து வயது ரஞ்சிதாவும் அம்மாவும் கூடவே போனார்கள். எண்ணூற்று நாற்பது அடியில் தண்ணீர் பீறிட்டது. எல்லோரும் ஓடிப்போய்த் தண்ணீரைப் பார்த்தார்கள். இந்தக் குழந்தை மட்டும் வானத்தைப் பார்த்தது. அங்கே ஒரு வெள்ளைப் பந்து பறந்துகொண்டிருந்தது.

மைதானத்துத் தோட்டக்காரர் கழுத்தொடிந்த மட்டை ஒன்றை அவளுக்குக் கொடுத்தார். அது நேராக என் பட்டறைக்கு வந்தது.

"மாமா, இத ஒட்டிக் குடுங்க."

"என்ன அம்மிணி இது, களைக்கொத்தா?"

இரும்புக் குழாயை வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தேன். தூக்கினால் தோள் இறங்கும், ஓங்கினால் ஊர் ஒதுங்கும். அப்படி ஒரு மட்டை! அதை வைத்துக்கொண்டு அவள் கல்லாங்காட்டில் அடித்த பந்தெல்லாம் ஆராயி அக்காவின் குச்சிக்கிழங்குக் காட்டில் விழுந்தன. ஒரு நாள் கிழங்கு பிடுங்கும்போது அக்கா முந்தானை நிறைய அள்ளிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, எங்காட்டுல எந்தக் கோழியோ முட்டை வெச்சிருக்குதுங்க. கல்லுல போட்டாலும் ஒடைய மாட்டேங்குது!"

நாமக்கல் சீமைக்கே முட்டை காட்டிய பெருமை ரஞ்சிதாவுக்கு உண்டு! அக்கா அதோ சிரிக்கிறார், பாருங்கள்.

பதினைந்து வயதிலிருந்து சனி, ஞாயிறுகளில் விடியற்காலைப் பஸ் பிடித்துக் கோயமுத்தூர் மைதானத்துக்குப் போனாள். வெயிலில் கறுத்தாள், போட்டியில் வெளுத்தாள்! கோப்பைகள் வந்தன. ஆத்தாயி அக்கா அவற்றில் பருப்புப் போட்டு வைத்தார் என்பது வேறு கதை. என்ன தம்பி, பின்னாலிருந்து சாப்பாட்டு நேரம் என்கிறீர்களா? பிரியாணி இன்னும் தம்மில்தான் இருக்கிறது. விசாரித்துவிட்டுத்தான் மைக்கைப் பிடித்தேன்.

இருபத்திரண்டு வயதில் தொழில்முறை ஆட்டக்காரிகளைத் தேர்ந்தெடுக்கும் போட்டி வந்தது. அதில் தேறினால்தான் பெரிய போட்டிகளில் ஆட அனுமதி. தேறாவிட்டால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். அர்த்தநாரி அண்ணனும் நானும் பார்வையாளர்களைத் தடுக்கும் கயிற்றுக்கு வெளியே நின்றோம். நான்கு நாள் ஆட்டம். கடைசிக் குழி. இன்னும் மூன்று அடிகளில் முடித்தால் தேர்ச்சி. நான்கானாலும் தேர்ச்சிதான்! அவள் பந்து அப்போது கிடந்ததோ, ஆட்டக்காரர்களை மாட்டவைக்கவே வெட்டிய மணல் பள்ளத்தில்!

இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் வந்து நின்றது, நண்பர்களே! ரிக் ஓடும்போது நாம் என்ன செய்வோம்? குழாய் வழியே மேலே வரும் மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து, விரலில் தேய்த்து, ஈரம் இருக்கிறதா என்று பார்ப்போம். அப்பனைப் பார்த்து வளர்ந்த பிள்ளை பள்ளத்தில் இறங்கியதும் குனிந்தாள், ஒரு சிட்டிகை மணலை எடுத்தாள், விரலில் தேய்த்தாள்.

கோல்ஃப் சட்டம் என்ன சொல்கிறது? பள்ளத்து மணலை, பந்தை அடிக்கும் முன் கையால் சோதிக்கக் கூடாது. சோதித்தால் இரண்டு அடி தண்டம், கணக்கில் கூட்டிவிடுவார்கள்!

யார் பார்த்தார்கள்? நடுவர் பார்க்கவில்லை. கூட ஆடியவர் பார்க்கவில்லை. கேமரா பார்க்கவில்லை. பார்த்தவர்கள் நாங்கள் இருவர்தான். ரஞ்சிதா மூன்றே அடிகளில் ஆட்டத்தை முடித்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். இந்த மேடையில் உண்மையைச் சொல்கிறேன். நான் கண்ணடித்தேன்! சும்மா இரு என்று கண்ணடித்தேன்! அர்த்தநாரி அண்ணனோ கயிற்றருகே போய்க் கேட்டார்:

"ஆருமே பாக்கலியே சாமி?"

அவள் சொன்னாள்:

"காஞ்ச மண்ண எடுத்துக் காட்டி, ஈரமா இருக்குதுன்னு நீங்க என்னிக்காச்சும் சொல்லீருக்கீங்களாப்பா?"

அண்ணன் கயிற்றை விட்டு விலகி வழி விட்டார். ஆயிரம் அடி துளைத்தும் தண்ணீர் வராத காட்டுக்காரரின் முகத்துக்கு நேரே, "வல்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்த மனிதர் அல்லவா அவர்? ரஞ்சிதா நடுவரிடம் போய், மணலைத் தொட்டதைத் தானே சொன்னாள். இரண்டு அடி கூடி, மூன்று ஐந்தானது. ஒரே ஒரு அடியில் தேர்ச்சி போனது! அன்று எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

அழுதாளா? அழுதாள். ஊருக்கு வரும் வழியெல்லாம் அழுதாள். விட்டாளா? விடவில்லை! மறுநாளே கல்லாங்காட்டில் லாரி மணலைக் கொட்டச் சொன்னாள். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் இடது கையைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொள்ளப் பழகினாள். பிறவிக்குணத்தைப் பாக்கெட்டில் பூட்டிய ஒரே ஆட்டக்காரி இவள்தான்! அடுத்த ஆண்டு தேறினாள். போன மாதம் பட்டத்துக்கான கடைசி நாளில், கடைசிக் குழியில், பந்து எங்கே விழுந்தது? சரியாகச் சொன்னீர்கள் தாயே, மணலில்தான்! இடது கை பாக்கெட்டுக்குள் போனது. கை வெளியே வந்தது, மட்டையைப் பிடித்தது. மணல் சிதறியது, பந்து எழுந்தது, குழியில் நட்ட கொடிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஒரே தட்டு! பட்டம் நம் ரஞ்சிதாவுக்கு!

அன்று அர்த்தநாரி அண்ணன் ராய்ச்சூர்ப் பக்கம் ஒரு பருத்திக் காட்டில் ரிக் ஓட்டிக்கொண்டிருந்தார். கோப்பையை வாங்கிக் கையெழுத்தெல்லாம் போட்டு முடித்தபின், ரஞ்சிதா திரும்பி நடந்து போய் அந்தப் பள்ளத்தில் இறங்கினாள். ஆட்டம் முடிந்தது, இனி எந்தச் சட்டமும் தடுக்காது. ஒரு சிட்டிகை மணலை எடுத்து விரலில் தேய்த்தாள். அப்பாவுக்குப் போன் போட்டாள். ஜெயித்தேன் என்று சொல்லவில்லை. பட்டம் என்று சொல்லவில்லை.

"ஈரம் இருக்குதுங்கப்பா!" என்றாள்.

ரிக் வண்டியை நிறுத்திவிட்டு அந்த மனிதர் காட்டு நடுவே உட்கார்ந்து அழுதாராம். அதோ, இப்போதும் துண்டால் முகத்தைத் துடைக்கிறார். துடையுங்கள் அண்ணா! நீங்கள் எத்தனையோ ஊருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர், உங்கள் கண்ணில் கொஞ்சம் வந்தால் குற்றமில்லை.

கண்ணடித்த பாவத்தைக் காது கொடுத்துக் கேட்டு மன்னித்த உங்களுக்கு நன்றி. ரஞ்சிதா அம்மிணி, மட்டை ஒடிந்தால் மாமன் பட்டறை திறந்தே இருக்கும். வாரேனுங்க, வணக்கம்!