மத்தியானத் தூக்கம்

குழந்தைகளைத் தூங்கவைப்பதில் எனக்குக் கைராசி என்று தங்கை ஊரெல்லாம் சொல்லிக்கொள்வாள். அவள் வேலைக்குப் போனதும் இரண்டு பிள்ளைகளும் என் பொறுப்பு. பெரியவளுக்கு நாலு வயது. சின்னவன் தவழ ஆரம்பித்திருந்தான். நான் வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவள். மிஷினில் உட்கார்ந்தால் வந்து பெடலைப் பிடித்துக்கொள்வான். வாலில்லாத குறைதான்.

கைராசியெல்லாம் ஒன்றுமில்லை. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும் சளி மருந்துதான். குடித்தால் கண் சொருகும். மூக்கு ஒழுகினாலும் ஒழுகாவிட்டாலும் மத்தியானம் அவனுக்கு ஒரு மூடி. மூடியை நக்கப் பெரியவளிடம் கொடுப்பேன், அவளுக்கு இனிப்பு என்றால் உயிர். பிறகு அதே மூடியால் பொம்மைக்கு ஊட்டிக்கொண்டிருப்பாள்.

அன்று அவனுக்கு நிஜமாகவே சளி. கிளம்பும்போது தங்கை, "அக்கா, மருந்து குடுத்துட்டேன். இனிமே ராத்திரிதான்" என்றாள். காதில் நன்றாகவே விழுந்தது. ஆனால் அவசர உருப்படிகள் குவிந்து கிடந்தன, அவனோ ஓயாமல் அழுதான். ஒரு மூடி கொடுத்தேன். தூங்கவில்லை. இன்னொன்றும் கொடுத்தேன். பிறகு அவன் சத்தமே இல்லை. எல்லாச் சட்டைகளுக்கும் காலர் வைத்து முடித்துவிட்டேன்.

சாயங்காலம் தங்கை வந்து தூக்கினாள். தலை தொங்கியது, உதடு நீலம் பாரித்திருந்தது. பெரியவளையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிழைக்கவில்லை. மருந்து அளவுக்கு மீறிப் போயிருக்கிறது என்றார் டாக்டர்.

"யாருக்கா குடுத்தா?" என்று தங்கை கேட்டாள்.

நான் பெரியவளைப் பார்த்தேன், அவ்வளவுதான். எல்லோரும் பார்த்தார்கள். அவள் கையில் இன்னும் அந்த மூடி இருந்தது, விரலெல்லாம் பிசுபிசுப்பு.

"நீயாடி குடுத்தே?"

குழந்தை மிரண்டுபோய்த் தலையாட்டினாள். தங்கை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ என்னக்கா பண்ணுவே, கண் அசர்றது எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள்.

இப்போதும் பெரியவளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அவள் இனிப்பைத் தொடுவதில்லை. பகலில் கண்ணை மூடுவதுமில்லை. சில நாள் மிஷின் பக்கத்தில் வந்து நின்று, "பெரியம்மா, தம்பியை நான்தானே கொன்னேன்?" என்பாள். "தெரியாமத்தானேடா செஞ்சே, தங்கம்" என்று மடியில் போட்டுத் தட்டிக்கொடுப்பேன்.

அவளை நான் ஒரு வார்த்தை கடிந்துகொண்டதில்லை. எப்போதோ மன்னித்துவிட்டேன்.