லேபிள் உரித்த இசைத்தட்டுகள்

பிளெஸ்ஸி, எனக்கு நன்றாக ஆடத் தெரியும். ஆவூரில் இதைச் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். கோயிலில் முன்வரிசையில் நின்று செபமாலை சொல்கிற மரிய செல்வியைத்தான் அவர்களுக்குத் தெரியும். இந்த வருஷம் ஈஸ்டருக்கு வந்தபோது என் செபப் புத்தகத்துக்குள் காது டாக்டரின் சீட்டைப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு இந்த மாத்திரைய ஏம்மா வாங்கல?" என்று கேட்டாய். அப்போது அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். அதனால் எழுதுகிறேன்.

பெங்களூரில் வேலை பார்த்த அந்த இரண்டு வருஷம்தான் நான் வாழ்ந்த காலம். ஞாயிறு காலையில் பூசை, பிற்பகல் மூன்று மணிக்கு கிளப். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே இருட்டு, புகை, நெஞ்சுக்கூட்டில் வந்து இடிக்கும் சத்தம். நானும் ஹாஸ்டல் தோழி ஸ்வீட்டியும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆடுவோம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு காதில் ஹெட்போனை அழுத்திக்கொண்டு நின்ற டி.ஜே.தான் உன் அப்பா ராபின். நம்ம ஊர்க்காரர் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. புது இசைத்தட்டு வாங்கினால் முதல் வேலையாகத் தண்ணீரில் நனைத்து லேபிளை உரித்துவிடுவார். மற்ற டி.ஜே.க்கள் எட்டிப் பார்த்துப் பெயரைக் குறித்துக்கொள்ளக் கூடாதாம். ஊசியை வைத்து இரண்டு நொடி கேட்டால் போதும், எது எந்தப் பாட்டு என்று சொல்லிவிடுவார். அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது. கடைசிப் பாட்டு மட்டும் எல்லா ஞாயிறும் ஒன்றேதான். அது எனக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டிக்கொண்டு முப்பது வருஷமாகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் கிளப் கதைதான். அந்தக் கதையில் ஆடுகிறவள் ஸ்வீட்டி மட்டும்தான். கடைசிப் பாட்டும் அவளுக்காகத்தான் போட்டாராம். எங்கள் வெள்ளிவிழாப் பந்தியில் உன் சூசைராஜ் மாமா, "அப்ப எந்தங்கச்சி ஆடலையா மாப்ள?" என்று கேட்டார். "இவளா? இவ ஸ்வீட்டியோட பையப் புடிச்சுக்கிட்டு அங்கிட்டு ஓரமா நிப்பா" என்றார் உன் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே பாயசம் ஊற்றினேன். அவருடைய கண்ணாடிப் பெட்டிக்கு நேர் எதிரே, ஆறடி தூரத்தில், இரண்டு வருஷம் ஆடியவள் நான்.

போன வருஷம் தவக்காலத்தில் ஸ்வீட்டி மெல்போர்னிலிருந்து போன் பண்ணினாள். மே மாதம் பழைய ஆட்கள் பெங்களூரில் கூடுகிறார்கள், ராபின்தான் பாட்டுப் போட வேண்டும் என்றாள். அன்றிலிருந்து வீட்டில் ஓயாமல் அந்தக் கடைசிப் பாட்டுதான். அந்த வாரமே ஒரு காலையில் உன் அப்பாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. ஹெட்போன் வைத்த இடது காது எப்போதோ போய்விட்டது. இது வலது. திருச்சிக்குக் கூட்டிப்போனேன். அவரைப் பரிசோதனை அறையில் உட்கார வைத்துவிட்டு டாக்டர் வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "நரம்புப் பிரச்சினைம்மா. இன்னைக்கே மாத்திரைய ஆரம்பிச்சிருங்க. ரெண்டு வாரம் தாண்டிருச்சுன்னா காது திரும்பாது."

பஸ்ஸில் உன் அப்பா என்னவென்று சைகையில் கேட்டார். சீட்டு என் பையில் இருந்தது. ஒரு பழைய கவரின் பின்னால், "அழுக்குதான். எண்ணெய் விடச் சொன்னார்" என்று எழுதிக் காட்டினேன். கீரனூர் வருவதற்குள் நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.

எண்ணெயை இளஞ்சூடாகத்தான் விட்டேன். சுட்டுவிடக் கூடாதே என்று முதலில் என் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். பதினைந்து நாள், ஒரு நாள்கூடத் தவறவில்லை.

பெங்களூருக்குப் போகவில்லை. ஸ்வீட்டியின் பாட்டு எந்தத் தட்டில் இருக்கிறது என்று இப்போது அவருக்கே தெரியாது. நாற்பது தட்டு, ஒன்றிலும் பெயர் இல்லை. ஒவ்வொன்றாக என்னிடம் நீட்டி, "இதக் கேட்டுச் சொல்லு செல்வி, அதுவான்னு" என்பார். நான் கேட்டுவிட்டு, இல்லை என்று தலையாட்டுவேன். நாற்பதும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து எடுத்து வருவார். அது எந்தத் தட்டு என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத்தான் போடுகிறேன். எதிரே நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்துவிட்டு ஆடுகிறேன். முட்டி வலிக்கிறது, ஆட்டம் மறக்கவில்லை. நீ இதைப் பாவம் என்பாய். சொல்லிக்கொள். என் புருஷன் இப்போதுதான் என் ஆட்டத்தைப் பார்க்கிறார். ஆனால் சுற்றுகிற தட்டை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். கட்டின பெண்டாட்டியை நேருக்கு நேர் பார்க்க இந்த வயதில் அவருக்குக் கூச்சம்.