வாயாடிக்கு ஓர் இடம்

— ஏங்க, அந்தப் பேன்ட்டைப் பாருங்க. ஒரே கால்ல ரெண்டு மடிப்பு விழுந்திருக்கு.

— அட... தண்ணி தெளி. திரும்பத் தேய்ச்சுடறேன்.

— கை இஸ்திரிப் பெட்டியில, புத்தி எங்கயோ மேயுது. துணி குடுத்தவர் வந்து கத்தப் போறார்.

— பள்ளிக்கூடத்துலேர்ந்து ஏதாவது வந்துச்சா?

— வந்தா சொல்ல மாட்டேனா?

— இல்ல... உன் போன் டிராயர்லயே கிடக்கு. அதான்...

— அப்பப்ப பாத்துட்டுதான் இருக்கேன். ஒண்ணும் வரல.

— அப்போ கிடைக்கலைன்னு வச்சுக்கலாமா?

— நீங்களா இப்படிப் பேசறது? ‘கெட்டிக்காரப் பிள்ளைங்களுக்குன்னு தனி வகுப்பாம், எம்பொண்ணு அதுக்குப் பரீட்சை எழுதியிருக்கா’ன்னு கடைக்கு வர்ற ஒருத்தரையும் விடல.

— பெருமையா இருந்துச்சு. சொன்னேன்.

— டமாரம் அடிச்சீங்க. அதனாலதான் அங்க உங்க நம்பரைக் குடுக்காம என் நம்பரைக் குடுத்தேன்.

— ம்... நல்ல காரியம்.

— என்ன, சுரத்தே இல்ல?

— அதெல்லாம் இல்லையே. அந்த வெள்ளைச் சட்டையை எடு... ஏன்டி, அவளுக்கு ஒன்பது வயசுதானே ஆகுது?

— திடீர்னு வயசைக் கேக்கறீங்க?

— ஹாஸ்டல்ல தங்கணுமே. சனிக்கிழமை வந்தா ஞாயித்துக்கிழமை கிளம்பிடணும். ராத்திரி எழுந்து தண்ணி கேப்பா...

— அவளே போய்க் குடிச்சுக்குவா. அப்ளிகேஷன் வாங்கிட்டு வந்தது யாரு? ஹாஸ்டல்னதும் நான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டேன். சமாதானம் சொன்னது யாரு?

— இப்ப படிக்கிற இடத்துக்கு என்ன குறைச்சல்? டீச்சர் நல்லவங்கதானே?

— அந்த டீச்சர்தானே சொன்னாங்க, இவளுக்குச் சொல்லிக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் மிச்சமில்லைன்னு.

— ம்... வாயாடி என்ன சொல்றா?

— பெட்டியெல்லாம் அடுக்கியாச்சு, பொம்மைக்கும் சேர்த்து. ‘அங்க எவ்வளவு கேள்வி கேட்டாலும் வாயை மூடுன்னு சொல்ல மாட்டாங்களாமே’ன்னு குதிக்கிறா.

— நாம எப்ப அவளை வாயை மூடச் சொன்னோம்?

— தினமும்தான்... ஏங்க! சட்டை! புகை வருது!

— ஐயையோ... இல்ல, கருகல. லேசா மஞ்சள் தட்டியிருக்கு, அவ்வளவுதான்.

— தள்ளுங்க, நானே தேய்க்கறேன்... இருங்க, போன் அடிக்குது.

— யாரு?

— பள்ளிக்கூடம். ஹலோ... ஆமா சார், அவ அம்மாதான். காலையிலயே மெசேஜ் பாத்துட்டேன் சார். ‘சேர்க்கிறோம்’னு அப்பவே பதில் போட்டேனே...

— காலையிலயா?

— சும்மா இருங்க! ஐயோ, உங்களைச் சொல்லல சார்... என்னது? இன்னொரு பதிலா? ‘வேண்டாம்’னு வந்திருக்கா? யாரு சார் போட்டது?... ஒரு நிமிஷம் இருங்க சார்.

— இடம் கிடைச்சதை ஏன்டி எங்கிட்ட மறைச்சே?

— சொன்னா நீங்க தெருவுல நின்னு ஆடுவீங்க. நான் அழுவேன். அவ வந்ததும் சேர்ந்து சொல்லலாம்னு இருந்தேன். அது கிடக்கட்டும், மெசேஜ் என் போனுக்குத்தானே வந்துச்சு? ‘வேண்டாம்’னு யாரு போட்டது?

— போன வாரம் போய் என் நம்பரையும் குடுத்துட்டு வந்தேன்.

— அப்போ... நீங்களா?

— கிடைக்காதுங்கற தைரியத்துலதான் அவ்வளவு பேசினேன். கிடைச்சுடுச்சுன்னு பாத்ததும் பயம் வந்துடுச்சு. அவ தொணதொணப்பு இல்லாம இந்தக் கடையில நான் எப்படிடி நிப்பேன்?

— அதை எங்கிட்ட சொல்றதுக்கென்ன?

— எந்த மூஞ்சியோட சொல்றது?

— சார் லைன்ல காத்துக்கிட்டிருக்கார். எந்தப் பதிலை எடுத்துக்கறதுன்னு கேக்கறார். என்ன சொல்லட்டும்?

— ... உன்னோடதையே எடுத்துக்கச் சொல்லு. நீயே சொல்லிடு. எனக்கு வாய் வராது.