அண்டாவுக்குள்ள இருந்து பாத்த சண்டை

நான் அண்டாவுக்குள்ள இருக்கறனுங்க. கவுத்துப் போட்ட அண்டா. நூறு பேருக்குப் பருப்பு வேகறது. முழங்காலு தாடையில இடிக்குது. மேல ஜப்பான்காரன் பறக்கறான். சண்டைக்குப் போயிட்டு வந்தவன்னு ஊருல எனக்கு ஒரு பேரு இருக்குது. சண்டையில நான் இருந்த எடம் இதுதானுங்க.

நாப்பத்தி நாலு, பங்குனி. பர்மா எல்லை. ஏரோப்ளேன் எறங்கற மைதானம். காலைல டீ ஊத்தற நேரம்.

"படுங்கடா! குழிக்குள்ள படுங்கடா!"

எல்லாரும் பதுங்குகுழிக்கு ஓடறாங்க. என்னோட சமைக்கற பீகார்க்காரனும் ஓடறான். நான் எதுத்தாப்புல ஓடறேன். ஏன்னு கேட்டா சொல்லத் தெரியாதுங்க. நாப்பது வயசுல, சப்பாத்தி சுடத் தெரியும்னு பொய் சொல்லி பட்டாளத்துல சேந்தவன் நான். அதுக்கு முன்னால கோதுமையக் கண்ணுல பாத்ததில்ல. காலு மட்டும் எப்பிடி சரியான பக்கம் ஓடும்?

உள்ள இருட்டு. புளிச்ச பருப்பு நாத்தம். காது மட்டும் வேலை செய்யுது. மொதல்ல எரைச்சல். அப்பறம் வாணல்ல சோளம் பொரியற சத்தம். அது மெஷின் துப்பாக்கி. ஒரு குண்டு. எண்ணுனேன். ரெண்டு. மூணாவதுக்கு அண்டா கோயில் மணியாட்டம் அடிச்சுது. அப்பறம் ஒசரத்துல ஒரு எஞ்சின் இருமுச்சு. மறுபடி இருமுச்சு. அப்பறம் சத்தமே இல்ல.

அது செங்கோடன் போன ஏரோப்ளேன்.

செங்கோடன் என் தங்கச்சி பழனியம்மா புருசன். பின்னாடி உக்காந்து சுடற வேலை. ஓட்டறவனோட சேத்து ரெண்டே பேரு. முதுகுல ஒரு மூட்டை கட்டியிருப்பான். குதிச்சா அது குடையா விரியும். "மச்சான், உங்க சப்பாத்தியில ரெண்டு கொடுங்க. குண்டு தீந்துபோனா அதைய எறியறேன்"ம்பான். அன்னிக்கும் ரெண்டு வாங்கிட்டுத்தான் போனான்.

வெளிய வந்தேன். பதுங்குகுழி இருந்த எடத்துல அதைவிடப் பெரிய குழி. பீகார்க்காரன் சரியான எடத்துக்குத்தான் ஓடுனான்.

மத்தியானம் என்னைய லாரில ஏத்துனாங்க. செங்கோடனை அடையாளம் சொல்லோணும். மூங்கக்காட்டுக்குள்ள ஏரோப்ளேன் எரிஞ்சு கெடக்குது. மூஞ்சிய வெச்சு ஒண்ணும் சொல்ல முடியல. இடுப்புல வெள்ளி அரணாக்கொடி. கல்யாணத்துக்கு எங்கூட்டுல செஞ்சு போட்டது. முதுகு மூட்டையோட வாரு பூட்டுனது பூட்டுனபடி இருக்குது. குடை விரியல.

செத்தவனுக்கு அரணாக்கொடிய அறுக்கோணும். சொந்தக்காரன் நான் ஒருத்தன்தான். காய் அரியற கத்தியில நெம்பி அறுத்தேன். அங்கியே பொதைச்சோம்.

நாப்பத்தஞ்சுல ஊருக்கு வாரேன். செத்துட்டார்னு சர்க்கார் கடுதாசி எனக்கு முன்னாலயே வந்துருச்சு. பழனியம்மா வாசல்ல நிக்கறா. கழுத்துல தாலி இருக்குது. எட்டு வயசுப் புள்ள பாவாயி முந்தானையப் புடிச்சிட்டு நிக்குது.

"கடுதாசி எழுதுனவன் பாத்தானா? நீங்க பக்கத்துல இருந்தீங்க. நீங்க சொல்லுங்கண்ணா."

சட்டைப் பையில அரணாக்கொடி இருக்குது. கை அதுக்குப் போகல. வாய் சொல்லுது. குடை விரிஞ்சுது. வெள்ளைக் குடை. கண்ணால பாத்தேன். காத்து பர்மாப் பக்கம் தள்ளிட்டுப் போயிருச்சு.

அவ கருமாதி செய்யல. தெனம் ஒரு ஆளு சோறு சேத்து ஆக்குனா. வந்தா பசியோட வருவாருன்னா. சந்தை நாளுக்கு நான் போனா அந்தச் சோத்தப் போட்டு, குடைக் கதைய மறுபடி கேப்பா. நானும் சொல்லுவேன். கடைசில குடைக்கு எத்தனை கயிறுங்கற வரைக்கும் வந்துட்டேன்.

தங்கச்சி ஊட்டுல குடை. திருச்செங்கோட்டு டீக்கடையில அண்டா. அண்டாக் கதைக்கு சனம் வயித்தப் புடிச்சிட்டு சிரிக்கும். மூணு வருசம் ரெண்டு கதையும் ஒண்ண ஒண்ணு பாக்காம நல்லாத்தான் ஓடுச்சு.

ஒரு சந்தை நாளு பாவாயி உப்பு வாங்க வந்துது. பதினோரு வயசு. கடை ஓரமா நின்னு கதை முழுக்கக் கேட்டுது.

"ஏனுங்க மாமா, அண்டாவுக்குள்ள இருந்தீங்கன்னா குடைய எப்பிடிப் பாத்தீங்க?"

சனம் அதுக்கும் சிரிச்சுது. புள்ள உப்பை எடுத்துட்டு நடந்துது. நானும் பின்னால நடந்தேன். ஏரியத் தாண்டுனோம். அப்பறம் திரும்பி நின்னுது. எங்கப்பன் இருக்கறாரா, இல்லியான்னு மட்டும் சொல்லுங்கன்னுது.

இல்ல சாமின்னேன். மூங்கக்காட்டச் சொன்னேன். பூட்டுன வாரைச் சொன்னேன். புள்ள அழுகல. அதை எங்கம்மாகிட்ட நீங்களே சொல்லுங்கன்னுது. எங்கூட்டுக்குப் போயி தகரப்பொட்டியத் தொறந்து கொடிய எடுத்தேன்.

சொல்ல வேண்டியதே இல்லாமப் போச்சு. பழனியம்மா கொடிய வாங்குனா. அறுத்த எடத்த வெரலால தடவுனா. உசுரோட இருக்கறவன் இடுப்புல இருந்து அதைய யாரும் அறுக்க மாட்டாங்க. அடுப்புல சோறு கொதிச்சிட்டிருந்துச்சு. போயி எறக்கி வெச்சா. வடிச்சா. அப்பறந்தான் கீழ உக்காந்தா.

போனது இவ்வளவு. ஏரோப்ளேன் ஒண்ணு. அதுல செங்கோடன். அதைய ஓட்டுன பஞ்சாபிக்காரன், மீசை சரியா மொளைக்காத பையன். குழிக்குள்ள பீகார்க்காரனோட சேத்து பதினோரு பேரு. அண்டாவுல ரெண்டு ஓட்டை. பழனியம்மாவுக்கு மூணு வருசம். அதைய மட்டும் ஜப்பான்காரன் தலையில எழுத முடியாதுங்க. அது நான் செஞ்சது.

கருமாதிக்கு எலை போட்டாங்க. நானும் உக்காந்தேன். பாவாயி சோத்துக் குண்டாவோட வந்துது. என் எலையில மட்டும் ஒரு கரண்டி சேத்தே போட்டுது. போட்டுட்டுச் சொல்லுச்சு.

"மூணு வருசமா எங்கப்பன் சோத்த நீங்கதான் தின்னீங்க மாமா."