முதுகில்லாத அங்கி

“ஏன்க்கா, இதைத் தைச்சவனுக்குத் துணி பத்தாமப் போச்சா? முன்னாடி மட்டும் மூடியிருக்கு, முதுகு காத்து வாங்குது.”

“வந்த முதல் நாளே வம்பளக்காதேடி. வேலையைப் பாரு.”

“பாக்கத்தானே போறேன். கனத்துல ஒரு குறையும் இல்ல, கழுதை பொதி மாதிரி இருக்கு. துணியிலதான் பஞ்சம் போல.”

என் தங்கை அப்படித்தான், டாக்டர். எதையும் சிரிக்காமல் சொல்லிவிட்டு நம்மைச் சிரிக்க வைப்பாள். அன்றும் நான் சிரித்தேன். ஈய அங்கியின் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டேன். அவள் கேட்டதற்குப் பதில் மட்டும் சொல்லவில்லை. நீங்கள் இப்போது என்னிடம் கேட்பதும் ஏறக்குறைய அதைத்தான் என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

விசாரிக்க வந்திருக்கும் உங்களுக்குத் தெரிந்ததுதான், பக்கத்தில் இருக்கும் வக்கீலுக்காகச் சொல்கிறேன். எங்கள் கேத் லேபில் இதயத்து ரத்தக்குழாய் அடைப்புகளைப் பார்ப்பார்கள். டாக்டர் காலால் பெடலை மிதித்துக்கொண்டிருக்கும்வரை எக்ஸ்ரே ஓடும். நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறுவது சுற்றி நிற்பவர்கள் மேலும் விழும். அதற்காகத்தான் ஈய அங்கி. அது முன்பக்கத்தை மட்டும் மறைக்கும். நான் உட்காருவது பக்கத்து அறையில், ஈயம் கலந்த கண்ணாடிக்குப் பின்னால். அங்கே ஒரு மைக் உண்டு. பொத்தானை அழுத்திப் பேசினால் உள்ளே கேட்கும்.

மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி நான். ஊழியர்களுக்கு வகுப்பெடுப்பதும் என் வேலை. வகுப்பு என்றாலே எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிடும். வருகிறவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விடுவார்கள். “இதுல என்னம்மா பிரயோஜனம்? கையெழுத்தை வாங்கிட்டு அனுப்பிடுங்க” என்பார் எங்கள் மேலாளர். பிரயோஜனம் உண்டு என்று காட்ட நினைத்தேன். அதுதான் என் ஆய்வு. ஊழியர்களில் பாதிப் பேருக்கு முதலில் வகுப்பு. மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு. இடைப்பட்ட மாதங்களில் யார் மேல் எவ்வளவு விழுகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது. சீட்டுக் குலுக்கிப் பிரித்தோம். தலைமை நர்ஸ்தான் எடுத்தார். என் தங்கையின் சீட்டு வகுப்பில்லாத பக்கம் விழுந்தது. அதில் என் கை இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

எல்லோரும் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்வது வழக்கம். உடம்பில் விழும் கதிர்வீச்சை அது பதிந்துகொள்ளும், மாதக் கடைசியில் சோதனைக்கு அனுப்புவோம். ஆய்வுக்காக நான் இன்னொரு பேட்ஜும் கொடுத்தேன், முதுகுப் பக்கம் இடுப்பில் குத்த. அதை அவரவரே குத்திக்கொள்ள முடியாது. தங்கைக்கு நான்தான் குத்திவிடுவேன். “ஊர்ல எல்லாருக்கும் முதுகுல குத்த வெளியாள் வேணும், எனக்கு வீட்டிலேயே ஆள் இருக்கு” என்று மற்ற நர்ஸ்களிடம் சொல்லிச் சிரிப்பாள். எனக்கும் சிரிப்பு வரும்.

என் வகுப்பின் முதல் பாடமே முதுகைக் காட்டாதே என்பதுதான். பின்னால் டிராலியிலிருந்து எதையாவது எடுக்க வேண்டுமானால் டாக்டர் பெடலிலிருந்து காலை எடுக்கும்வரை பொறு, இல்லையென்றால் முகம் திரும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்து எடு. அவ்வளவுதான். சின்னக் குழந்தைக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

என் தங்கை படு சுறுசுறுப்பு. டாக்டர் வாயைத் திறப்பதற்குள் சட்டென்று திரும்பி, டிராலியில் இருந்து ரத்தக்குழாய்க்குள் விடும் வயரை எடுத்து நீட்டுவாள். பெடல் மிதிபட்டுக்கொண்டே இருக்கும். “அந்தப் பொண்ணைப் போடுங்க, வேலை ஓடும்” என்று டாக்டர்கள் கேட்டு வாங்கினார்கள். நான் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்ப்பேன். அங்கியின் பட்டைகள் முதுகில் பெருக்கல் குறி மாதிரி தெரியும். நான் முடிந்துவிட்ட முடிச்சு. மைக் பொத்தான் என் விரலுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு மட்டும் சொன்னால் அது ஆய்வே இல்லை. நீங்களும் ஆய்வு செய்தவர். உங்களுக்குப் புரியும்.

“எனக்கு எப்பக்கா வகுப்பு?” என்று ஒருமுறை கேட்டாள். “வகுப்புக்குப் போனவங்கல்லாம் பெரிய மேதாவி மாதிரி பக்கவாட்டுல நண்டு நடை நடக்கறாங்க. எனக்கும் சொல்லேன்.”

“உன் முறை வரும். பொறு.”

பொறுத்துக்கொண்டாள். அம்மா போனதிலிருந்து அவளுக்குத் தலை பின்னிவிட்டது, நர்ஸ் படிப்பில் சேர்த்தது, மாப்பிள்ளை பார்த்தது எல்லாம் நான். நான் ஒன்று சொன்னால் ஏன் என்று கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

பாதி ஆய்வில் அளவுகள் வந்தன. இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. வகுப்பில்லாத பக்கம் இருந்தவர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்கள், பட்டுப் பட்டுத் தாங்களாகவே கற்றுக்கொண்டவர்கள். மேலாளர் சொன்னதுதான் சரி என்று ஆகியிருக்கும், ஒரே ஒரு முதுகுப் பேட்ஜ் மட்டும் இல்லாவிட்டால். அந்த ஒன்று மட்டும் எகிறியிருந்தது. அதை வைத்துத்தான் அந்தப் பக்கத்துச் சராசரியே நிமிர்ந்து நின்றது. யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு அளவு வந்தால் அந்த ஊழியரை அன்றே கூப்பிட்டு எச்சரிக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன்.

நான் எச்சரிக்கவில்லை. அடுத்த மாதத்துப் பேட்ஜைக் குத்திவிட்டேன்.

அந்த வாரத்தில்தான் உடை மாற்றும் அறையில் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள். முகமெல்லாம் சிரிப்பு.

“நாள் தள்ளிப்போயிருக்குக்கா. அவர்கிட்டகூட இன்னும் சொல்லலை. உன்கிட்டதான் முதல்ல.”

கல்யாணமாகி வருஷக்கணக்காக அவர்கள் காத்திருந்தது எனக்குத் தெரியும். அவளைக் கட்டிக்கொண்டேன். கண் கலங்கியது. அது நடிப்பு இல்லை, டாக்டர்.

“யார்கிட்டயும் மூச்சு விடாதே. கொஞ்சம் உறுதியாகட்டும்” என்றேன்.

“டியூட்டி மாத்திக் கேட்கணுமாக்கா?”

“நான் பாத்துக்கறேன்.”

எந்த அக்காவும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அதே நேரத்தில், கர்ப்பம் என்று தெரிந்தால் ஒரு ஊழியரை அந்த அறையிலிருந்து மாற்ற வேண்டிய அதிகாரியும் நான்தான். மாற்றியிருந்தால் அவள் ஆய்விலிருந்து விழுந்திருப்பாள். இன்னும் ஒரு சுற்றுப் பேட்ஜ்தான் பாக்கி. அந்தச் சுற்று முடியட்டும் என்று நினைத்தேன். அங்கியைக் கட்டும்போது அவள் வயிற்றின் மேல் நன்றாக மூடும்படி இழுத்துவிட்டேன். முன்பக்கம்.

சுற்று முடிவதற்குள் கலைந்துவிட்டது.

இப்படி ஆவது சகஜம், காரணம் இதுதான் என்று சொல்ல முடியாது என்றார் பார்த்த டாக்டர். அவர் சொன்னது சரி. அந்த அளவு கதிர்வீச்சால்தான் என்று எந்தப் புத்தகமும் அடித்துச் சொல்லாது. நானே வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் தூங்கி எழுந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு கேட்டாள். “அன்னிக்குத் துவைச்ச வாளியை மாடிக்குத் தூக்கிட்டுப் போனேன்க்கா. அதனாலயா இருக்குமா?”

அவள் தலையைக் கோதிவிட்டேன். “இருக்கலாம். இனிமே தூக்காதே” என்றேன்.

நான் செய்ததிலேயே என்னால் இன்றும் விழுங்க முடியாதது அந்த ஒரு சொல்தான். மற்றதற்கெல்லாம் என்னிடம் காரணம் இருக்கிறது. இதற்கு இல்லை. அன்றிலிருந்து அவள் வீட்டில் மாப்பிள்ளைதான் வாளி தூக்குகிறார். அவள் அவர் பின்னாலேயே தலை குனிந்து படியேறுகிறாள்.

ஆய்வு முடிந்ததும், சொன்ன வாக்கு மாறாமல், மீதிப் பேருக்கு வகுப்பெடுத்தேன். தங்கை முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ கேலி சொல்லிக்கொண்டிருந்தாள், பல நாள் கழித்து. நான் அங்கியை உயர்த்திக் காட்டி முதல் பாடத்தைச் சொன்னேன். முதுகைக் காட்டாதே. ஏன் என்று விளக்கினேன். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. கை ஒருமுறை இடுப்புக்குப் பின்னால் போய்த் தடவிப் பார்த்தது.

“சந்தேகம் இருந்தால் கேட்கலாம்” என்றேன். எல்லா வகுப்பிலும் அப்படி முடிப்பது வழக்கம்.

அவள் எழுந்தாள். “கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தினமும் நீதானே அக்கா இருந்தே?”

“ஆமாம்” என்றேன். உட்கார்ந்துவிட்டாள். வகுப்பு முடியும்வரை குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. உங்களிடம்தான் பேசியிருக்கிறாள்.

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. எனக்குத் தெரியும், தெரிந்தேதான் விட்டேன், அவள் கர்ப்பமாக இருந்தபோதும் விட்டேன். என் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்குப் போடுவதென்றால் போடுங்கள், வக்கீலுக்குச் சிரமம் கொடுக்க மாட்டேன். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும் என்பதை நினைக்காமல் ஒரு வேளைச் சோறு இறங்குவதில்லை.

காலையிலிருந்து ஒன்று கேட்க வேண்டும் என்று அடக்கிவைத்திருக்கிறேன். மன்னிப்பு இல்லை, பயப்படாதீர்கள். அவளுடைய அளவுகளை ஆய்விலிருந்து எடுத்துவிடச் சொல்லி அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்றீர்கள். அதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அவளை எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும், டாக்டர். வகுப்பால் பிரயோஜனமில்லை என்று ஆகிவிடும். எங்கெங்கோ எத்தனை பெண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

அவளை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அக்கா கேட்டாள் என்று சொல்லுங்கள். நான் கேட்டு அவள் எதையும் மறுத்ததில்லை.