சப்மிஷன் தேதி

கோரிமேட்டிலிருந்து பெரிய மார்க்கெட் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த காலேஜ் பெண் தோழியிடம் மெல்லச் சொன்னாள்: "அசைன்மென்ட்டுக்காக எங்கப்பாவ சாவடிச்சிட்டேன்டி."

"என்னாடி ஒளர்ற?"

"கண்ணீர் அஞ்சலி போஸ்டர் டிசைன் பண்ணச் சொன்னாங்க. அவரு போட்டோவ வச்சேன். ஒரே ஒரு காப்பிதான் கேட்டேன். பிரஸ்காரரு நெஜமான சாவுன்னு நெனச்சி, நெறைய அடிச்சி, காலையிலயே மார்க்கெட் செவுத்துல ஆள விட்டு ஒட்டிட்டாரு."

"ஓ, அதக் கிழிக்கத்தான் என்னையும் இழுத்துட்டுப் போறியா? செத்த தேதி என்னா போட்ட?"

"இன்னைக்கிதான். சப்மிஷன் தேதியவே போட்டுட்டேன்."

தோழி சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த போனை மறுபடி காதில் வைத்துப் பார்த்து இறக்கினாள்.

"காலையிலேர்ந்து அப்பா போன எடுக்கலடி."