எந்த வெள்ளை?

பட்டறை உரிமையாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திற்குத் தலைமை தாங்கும் பெருந்தகை தங்கமுத்து அவர்களே! உலோகத்தோடு உழைத்து உள்ளங்கை உரமேறிய பெரியோர்களே! பட்டறையையும் வீட்டையும் பாங்குற நடத்தும் தாய்மார்களே! பள்ளிபாளையத்துப் பண்பாளர்களே! கடைசல் பட்டறைக் கலையரசன் உங்கள் முன் கைகூப்பி நிற்கிறேன்.

தெளிவுரை கேட்க வந்திருக்கிறீர்கள். நானோ குழம்பிப் போய் வந்திருக்கிறேன்! அலுமினியத்துக்கு மெருகேற்ற எந்தப் பாலிஷ் கட்டி வாங்குவது? பழுப்பா? பச்சையா? வெள்ளையா? வெள்ளை என்றால் எந்த வெள்ளை? பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். உங்கள் அலமாரியில் இருக்கும் கட்டி எதற்கானது? எழுந்து சொல்லுங்கள் பார்ப்போம்! யாருமில்லையா? நல்லது, எனக்குத் துணை இருக்கிறது.

என் பக்கத்துப் பட்டறை மோகன்குமார், நித்யஸ்ரீ தம்பதியருடையது. போன ஆடியில் எடப்பாடியிலிருந்து பாவாயி அம்மாள் அங்கே வந்தார். விசைத்தறி நடத்துபவர். அவர் தறிகளில் நூல் ஓடும் அலுமினிய உருளைகளுக்கு மெருகேற்றித் தந்தவர்கள் இவர்கள்தான். வந்தவர் வெள்ளை வேட்டி ஒன்றை மேசையில் விரித்தார். நெடுகக் கறுப்புக் கோடு! உருளையில் தங்கிய பாலிஷ் கறை நூலில் ஏறியிருந்தது.

“ரோலரு கண்ணாடியாட்ட மின்னுது சாமி. என்ர துணியப் பாரு. வாங்குனவங்க திருப்பி உட்டுட்டாங்க. தறிய நிறுத்திப்போட்டேன்.”

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் நித்யஸ்ரீயைச் சுட்டது.

மோகன்குமார் பாலிஷ் கட்டி விற்கும் கடைகளுக்குக் கைப்பேசியில் பேசினார். ஒருவர், “பச்சை போடுங்க” என்றார். மற்றவர், “பச்சை எவர்சில்வருக்குங்க, வெள்ளை போடுங்க” என்றார். வெள்ளை வந்தது, இரண்டு கடையிலிருந்து. ஒரு வெள்ளை சுரண்டியது, ஒரு வெள்ளை கறையைப் பூசியது. நிறம் ஒன்று, குணம் வேறு! என்னைக் கேட்டார்கள். “பழுப்பு” என்றேன். ஏன் சொன்னேன்? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை!

நித்யஸ்ரீ கணவர் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி மேட்டூரில் ஒரு கடையை அழைத்தார். அந்தக் கடைக்காரரும் மற்றவர்களைப் போல, “என்ன கலருங்க?” என்றார்.

“ஏனுங்க, கலர உடுங்க. அலுமினிய ரோலரு. அதுமேல வெள்ளை நூல் ஓடுது. கறுப்பு ஒட்டக்கூடாது. இதுக்குமேல எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நீங்கதான் சொல்லோணும்.”

கடைக்காரர் நிறத்தை விட்டுவிட்டு வேலைக்கு வந்தார்.

“இப்பிடி ஆருமே கேட்டதில்லீங்க. கீறல் போகப் பழுப்பு புடிங்க. அப்பறம் வேற துணிச்சக்கரத்துல நானனுப்புற மெல்லிசு வெள்ளையப் புடிங்க. கடேசியா சுண்ணாம்புப் பொடி போட்டுத் தொடைங்க. மொதல்ல சாம்பிள் தாரேன். நூலை ஓட்டிப் பாத்துட்டு ஆர்டர் போடுங்க.”

மாதிரிக் கட்டிகள் வந்தன. ஓர் உருளையை மெருகேற்றினார்கள். பாவாயி அம்மாளே நூலை இழுத்தார். சாம்பல் நிறம்! மோகன்குமார் முகம் வாடியது. “இன்னொருக்கா நல்லாத் தொடை கண்ணு” என்றார் அம்மாள். துடைத்தார்கள். மறுபடி இழுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நூல் வெள்ளையாகவே இருந்தது!

அவர் பாராட்டவில்லை. “மத்த ரோலரையும் கழட்டியாரேன்” என்று பேருந்துக்குப் புறப்பட்டார். நித்யஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

வென்றது கட்டியா? சக்கரமா? சுண்ணாம்பா? கேட்டால் மோகன்குமார் ஒன்று சொல்கிறார், நித்யஸ்ரீ வேறொன்று சொல்கிறார். என் குழப்பம் தீரவில்லை, தோழர்களே! ஆனால் ஒன்று கண்டேன். தெரிந்ததுபோல் நிறத்தைச் சொன்ன நாங்கள் யாரும் அந்தக் கறுப்பைப் போக்கவில்லை. தெரியாது என்று வாய்விட்டுச் சொன்ன ஒரு பெண் தறியை ஓடவைத்தாள்! ஆகவே நிறத்தைச் சொல்லி வாங்காதீர்கள்! உலோகத்தைச் சொல்லுங்கள்! வேலையைச் சொல்லுங்கள்! புரியவில்லையா, புரியவில்லை என்று உரக்கச் சொல்லுங்கள்!

குழம்பியவன் பேச்சைக் குறுக்கிடாமல் கேட்ட உங்கள் பொறுமைக்கு நன்றி. உங்கள் பட்டறைகள் ஓயாமல் ஓடட்டும். வணக்கம்!